ஆளுக்கு 1000 பாயின்ட், ஆனாலும் ஒரே பக்கம் ஜெயிக்கிறது: விண்வெளிப் போர் மினியேச்சர் ஆட்டத்தில் யூனிட்டுக்கு விலை போடுவது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக விதி எழுதி, எதிர்காலப் போர் மினியேச்சர் ஆட்டம் (சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடுவது) ஆடுகிறீர்கள். ஆளுக்கு 1000 பாயின்ட். அதற்குள் யூனிட்டுகளை, அதாவது வீரர்களையும் வண்டிகளையும், வாங்கிப் படை சேர்க்க வேண்டும். ரோபோ ஒன்று 10 பாயின்ட். கனத்த கவசம் போட்ட வீரன் ரோபோவைப் போல இரண்டு மடங்கு சேதம் செய்வான், இரண்டு மடங்கு அடி தாங்குவான்; அதனால் 2 × 2 = 4 என்று அவனுக்கு 40 பாயின்ட் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் கவசப்படை எடுப்பவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார். அவரவர் படையை அவரவர் இஷ்டப்படி அமைக்கும் சுதந்திரத்தை விடவும் மனமில்லை. எங்கே தப்பு?

தப்பு பெருக்கலில் இல்லை. அந்தப் பெருக்கல் ஒரு வகை மேசைக்குச் சரி, உங்கள் மேசைக்குச் சரியில்லை. போட்டே பார்த்துவிடலாம்.

ரோபோவுக்கு 2 உயிர், ஒரு சுற்றில் 1 சேதம் செய்யும். கவச வீரனுக்கு 4 உயிர், ஒரு சுற்றில் 2 சேதம். பகடையை ஓரமாக வைத்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறுகலான நடைபாதை; ரோபோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். வீரன் சுற்றுக்கு ஒரு ரோபோவை வீழ்த்துகிறான், சுற்றுக்கு 1 அடி வாங்குகிறான். நாலாவது ரோபோ விழும்போது அவனும் விழுகிறான். ஆக, ஒரு வீரன் = 4 ரோபோ. உங்கள் 40 பாயின்ட் இங்கே துல்லியம்.

இப்போது அதே நாலு ரோபோவைத் திறந்தவெளியில் வரிசையாக நிறுத்துங்கள். முதல் சுற்றிலேயே 4 சேதம். வீரன் காலி. அவன் வீழ்த்தியது ஒன்று. மூன்று ரோபோ கீறல் இல்லாமல் நிற்கிறது. மூன்று ரோபோ வந்தாலும் இரண்டாவது சுற்றில் அவன் விழுவான், ஒரு ரோபோ மிஞ்சும். இரண்டு வந்தால்தான் 1 உயிரோடு தப்புவான். திறந்தவெளியில் அவன் மதிப்பு இரண்டு ரோபோவுக்கும் மூன்று ரோபோவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. நீங்கள் அவனுக்கு 40 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1916இல் விமானப் போர் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த இரண்டு நிலையையும் சமன்பாடாகவே எழுதிவைத்தார். ஒருவருக்கு ஒருவர் என்று மோதினால் படையின் பலம் எண்ணிக்கையோடு நேராக ஏறும். எல்லோரும் எல்லோரையும் சுட முடிந்தால் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். அந்த இரண்டாவது நிலையில், ஒரு வீரனின் நியாயமான விலை தாக்குதலையும் உயிரையும் பெருக்கி வருவதல்ல, அந்தப் பெருக்கலின் வர்க்கமூலம். இரண்டும் இரு மடங்கானால் விலை இரு மடங்கு. ஒன்று மட்டும் இரு மடங்கானால் சுமார் 1.4 மடங்கு. (சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போட்டால் இதைவிடக் கொஞ்சம் கூட வரும், மேலே பார்த்தது போல.) நிஜ மேசை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இடிபாடும் சுவரும் நிறைய இருந்தால் முதல் கணக்குப் பக்கம் சாயும். நீளமான ரேஞ்சும் வெறும் தரையும் என்றால் இரண்டாவது கணக்குப் பக்கம்.

ஆக, 'இந்த யூனிட் எத்தனை பாயின்ட்?' என்ற கேள்வியிலேயே ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. எந்த மேசையில், எந்த மிஷனில் (எது வெற்றி என்ற குறிக்கோளில்), யார் பக்கத்தில் நின்று, யாரை எதிர்த்து? யூனிட் கார்டில் அச்சாகிற எண் இதற்கெல்லாம் சேர்த்து எடுத்த ஒரு சராசரி ஊகம். இதை ஒப்புக்கொண்டால் மீதி வேலை பாதி முடிந்தது.

மலிவானவை கூட்டமாக வந்து ஆட்டத்தைக் கெடுப்பது இந்தப் பொழுதுபோக்கின் மூத்த நோய். ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து 1977இல் வெளியான ஓகர் என்ற ஆட்டம் முதலில் அட்டைக் காய்களோடு வந்தது, மினியேச்சர் பின்னாளில் சேர்ந்தது. ஒரு பக்கம் தனியாக வரும் ராட்சத ரோபோ டாங்கி, மறுபக்கம் அதைத் தடுக்கும் சின்னச் சின்ன யூனிட்கள். தடுப்பவர் கனரக டாங்கியோ ஜிஇவி என்ற மிதவை வாகனமோ, இரண்டையும் ஒரே விலைக்கு எடுக்கலாம். ஜிஇவி நகர்ந்து, சுட்டு, மறுபடி நகர்ந்து ஓடிவிடும். ஆட்கள் இதைக் கண்டுபிடித்ததும் முழுக்க ஜிஇவியாகவே இறக்கினார்கள். அடுத்த பதிப்பில் சுட்ட பிறகு ஓடும் அந்த இரண்டாம் நகர்வைக் குறைத்தார்கள். கவனியுங்கள், விலையில் கை வைக்கவில்லை, நகர்வில்தான் வைத்தார்கள். ஒரு யூனிட் எதனால் தொல்லை கொடுக்கிறதோ அதைத் தொட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். விலையை ஏற்றினால் அதே தொல்லை கொஞ்சம் கம்மியான எண்ணிக்கையில் வரும், அவ்வளவுதான்.

மெக் என்ற ராட்சத நடை இயந்திரங்கள் மோதும் பேட்டில்டெக் ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு சவானா மாஸ்டர் என்றாலே ஒரு சிரிப்பு வரும். 5 டன் மிதவை வண்டி, ஒரே ஒரு மீடியம் லேசர். முழு வேகத்தில் 20 ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) ஓடும். அவ்வளவு தூரம் ஓடிய இலக்கைச் சுட +5 தண்டனை. சாதாரணச் சுடுநரின் திறன் 4. கூட்டினால் இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36இல் 10 வாய்ப்பு. இது தூரத்தையும் சுடுபவரின் சொந்த நகர்வையும் சேர்ப்பதற்கு முன்னாலேயே! பட்டால் ஒரே அடியில் போய்விடும்தான். படணுமே. நூறு டன் ராட்சத மெக் ஒன்று இப்படிப்பட்ட கொசுக்கூட்டத்துக்கு நடுவில் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

பேட்டில்டெக்கைத் தொட்டதும் உங்கள் இரண்டாவது கவலைக்கு, அதாவது படையை இஷ்டப்படி அமைப்பதற்கு, வந்துவிடலாம். இவ்வளவு தாராளமாகக் கட்டமைக்க விடும் ஆட்டம் குறைவு. 1984இல் வேறு பெயரில் வெளியாகி, அடுத்த ஆண்டே பேட்டில்டெக் ஆனது. 20 டன் முதல் 100 டன் வரை ஒரு எடையைத் தேர்ந்துகொண்டு, இன்ஜின், கவசம், ஆயுதம், வெப்பத்தைத் தணிக்கும் ஹீட் சிங்க் என்று ஒவ்வொன்றையும் டன் கணக்கில் பொருத்தலாம். ஒரு டன் கவசம் 16 புள்ளி. பத்து ஹீட் சிங்க் இன்ஜினோடு சும்மா வரும். ஒரு மாலை முழுக்கக் காகிதமும் பென்சிலுமாக இதிலேயே போய்விடும். எனக்கு ஆடுவதைவிட இது பிடிக்கும் என்று சொன்னால் கூட்டாளிகள் அடிக்க வருவார்கள்.

ஆனால் மீடியம் லேசர் 1 டன், 5 சேதம், 3 வெப்பம். ஆட்டோகேனன்-5 என்ற பீரங்கி 8 டன், அதே 5 சேதம், 1 வெப்பம். குண்டுக்குத் தனி எடை வேறு. ரேஞ்ச் லேசரைப் போல இரண்டு மடங்கு என்பது உண்மைதான். இருந்தாலும் கணக்குத் தெரிந்தவர் கையில் பென்சில் கிடைத்தால் முதல் வேலையாக அந்தப் பீரங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு லேசரையும் கவசத்தையும் நிரப்புவார். புத்தகத்தில் அச்சான மெக்குகள் அவர் மெக் முன்னால் நிற்காது. கட்டமைப்பு விதி 'இது பொருந்துமா' என்று மட்டுமே சொல்லும். 'இது நியாயமா' என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

டன் எடையையே அளவுகோலாக வைத்து இரு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1990இல் கிளான் என்ற புதிய படைகள் ஆட்டத்துக்குள் வந்ததும் விஷயம் வெளிச்சமானது. கிளானின் இஆர் (நீள்தூர) மீடியம் லேசர் அதே 1 டன்தான். சேதம் 7, ரேஞ்ச் 15 ஹெக்ஸ். பழைய லேசரின் எல்லை 9. ஒரு டன்னும் ஒரு டன்னும் சமம் இல்லை என்றாகிவிட்டது. இதற்கு வந்த மருந்துதான் பேட்டில் வேல்யூ என்ற கணக்கு. கவசப் புள்ளியை 2.5ஆல் பெருக்கு, உள்கட்டமைப்பை 1.5ஆல் பெருக்கு, அந்தத் தற்காப்புத் தொகையை இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடித் தன்னைச் சுடக் கடினமாக்குகிறது என்பதற்கு ஏற்ற எண்ணால் பெருக்கு, தாக்குதல் பலத்தைத் தனியாகக் கூட்டு, கடைசியில் ஓட்டுநரின் திறமைக்கு ஒரு பெருக்கல். நீளமான கணக்குதான். ஆனால் நீங்கள் ஒரு சூத்திரம் எழுத நினைத்தால் இதன் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வேகத்தைத் தனிப் பொருளாக விலைபோட்டுக் கூட்டவில்லை, கவசத்தின் மேல் பெருக்கினார்கள். வேகமாக ஓடும் காகிதப்பெட்டிக்கும் வேகமாக ஓடும் இரும்புப்பெட்டிக்கும் வேகத்தின் பலன் ஒன்றாக இருக்காது.

இதே காரணத்தால் ஆயுத மேம்பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே விலை வைப்பதும் தப்பு. ஒரு சுற்றில் ஒரு வெட்டு வெட்டுகிற சிப்பாய் கையில் மின்வாள் கொடுத்தாலும், ஐந்து வெட்டு வெட்டுகிற தளபதி கையில் கொடுத்தாலும் 5 பாயின்ட் என்றால் எல்லாத் தளபதி கையிலும் வாள் இருக்கும், ஒரு சிப்பாய் கையிலும் இருக்காது. வார்ஹேமர் 40,000 என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தின் 8ஆம் பதிப்பில் தண்டர் ஹேமர் என்ற ஒரே ஆயுதத்துக்குச் சாதாரண வீரருக்கு ஒரு விலை, நாயகர்களுக்கு அதைவிட அதிக விலை என்று பிரித்ததற்கு இதுதான் காரணம். மறுமுனையும் உண்டு. 4 பாயின்ட் ரோபோ ஒன்றுக்கு 9 பாயின்ட் துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரோபோ எப்படியும் இரண்டாவது சுற்றில் செத்துவிடும், அதன் கையில் விலை உயர்ந்த துப்பாக்கியை யார் கொடுப்பார்கள்?

கவசச் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது, உங்கள் விதியை நான் பார்க்கவில்லை, ஆனாலும் நீங்கள் அதில் விழுந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டலாம். ஆறு பக்கப் பகடையில் '5 வந்தால் தப்பினான், 4 வந்தால் தப்பினான்' என்று கவசத்தை ஒரு படி ஏற்ற ஒவ்வொரு முறையும் ஒரே விலையா வைத்திருக்கிறீர்கள்? ஆறு குண்டு பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 6+ கவசத்தில் (அதாவது 6 வந்தால்தான் தப்பும்; 5+ என்றால் 5 அல்லது 6) ஐந்து உள்ளே போகும். 5+ஆக ஏற்றினால் நாலு. ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. 3+ கவசத்தில் இரண்டு உள்ளே போகும். 2+ஆக ஏற்றினால் ஒன்று. பாதியாகிவிட்டது! அதாவது அவன் ஆயுள் இரட்டிப்பு. அதற்கு மேல் மறைவில் நின்றால் இன்னொரு +1 என்று ஒரு விதியும் இருந்தால், கடைசிப் படியில் நிற்கும் யூனிட் சாகவே சாகாது. மேலே போகப் போக விலை செங்குத்தாக ஏற வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் படியையே எடுத்துவிடுங்கள். நான் எழுதும் விதிகளில் 2+ கிடையாது, 3+தான் உச்சம்.

தனித்தனியாக விலை போட்டால் பிடிபடாத இன்னொன்று கூட்டுப் பலம். ஸ்டார் வார்ஸ் விண்விமானங்களை மோதவிடும் எக்ஸ்-விங் மினியேச்சர் ஆட்டம் 2012இல் வந்தபோது டை ஃபைட்டர் விமானம் ஒன்று 12 பாயின்ட். ஹவுல்ரன்னர் என்ற விமானி ஓட்டும் டை ஃபைட்டர் 18 பாயின்ட். பக்கத்தில் இருக்கும் தோழமை விமானங்கள் சுடும்போது ஒரு பகடையை மறுபடி உருட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய திறன். டை ஃபைட்டருக்கு இரண்டு தாக்குதல் பகடை. சும்மா உருட்டினால் ஒவ்வொன்றும் படுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு முக்கால். மறுபடி உருட்டியதில் பாதி படும். அதாவது விமானம் ஒன்றுக்குச் சராசரி 1 அடி என்பது 1.375 ஆகிறது. பக்கத்தில் ஒரு விமானம் இருந்தால் லாபம் 0.375 அடி. ஆறு விமானம் இருந்தால் 2.25 அடி, அதாவது சும்மா இரண்டு விமானத்துக்கு மேல் சேர்ந்த மாதிரி, 6 பாயின்ட் கூடுதலுக்கு! அந்த 6 பாயின்ட் தப்பா? ஒரு விமானத்தோடு எடுப்பவருக்கு நஷ்டம், ஆறோடு எடுப்பவருக்குக் கொள்ளை லாபம். எந்த எண் போட்டாலும் யாராவது ஒருவருக்குத் தப்பாகத்தான் இருக்கும்.

நானும் ஒருமுறை 'ரிப்பேர் ட்ரோன்' என்று ஒன்று எழுதினேன். 6 அங்குலத்துக்குள் இருக்கும் ரோபோ ஒவ்வொன்றும் சுற்றின் முடிவில் ஒரு பகடை உருட்டும், 5+ வந்தால் எழுந்து நிற்கும். 30 பாயின்ட். எழுதும்போது மனசில் ஒரு ஐந்து ரோபோ இருந்தது. எதிரில் இருந்தவர் இருபத்திரண்டு ரோபோவை அதைச் சுற்றி வட்டமாக அடுக்கினார், அடித்தட்டும் அடித்தட்டும் ஒட்டிக்கொண்டு, கோலப்புள்ளி மாதிரி. டேப்பை விரித்து அளந்தார். கடைசி ரோபோவின் விளிம்பு ஆறு அங்குலக் கோட்டின் மேல் ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நாள் அந்த விதி 'ஒரு சுற்றில் மூன்று பகடைக்கு மேல் இல்லை' என்று மாறியது. கூட்டுப் பலனுக்கு என் ஒரே வைத்தியம் இந்த உச்சவரம்புதான். 'அருகில் உள்ள எல்லோருக்கும்' என்று எழுதாதீர்கள். 'அருகில் உள்ள ஒரு யூனிட்டுக்கு' என்று எழுதுங்கள். அப்போதுதான் விலை போட முடியும்.

பெரிய ஆட்டங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. வார்ஹேமர் 40,000இன் 8ஆம் பதிப்பு 2017இல் வந்தபோது, படைப்பிரிவு அமைப்பைப் பொறுத்து கமாண்ட் பாயின்ட் என்ற இன்னொரு நாணயம் கிடைத்தது. அதைச் செலவழித்துத் தந்திரங்களைப் பயன்படுத்தலாம். இரண்டு தளபதி, பத்துப் பத்து பேராக மூன்று காலாட்படை, ஆக 32 பேர், 180 பாயின்ட்தான். 2018இன் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குட்டிப் பிரிவு 5 கமாண்ட் பாயின்ட் கொடுத்தது. அவர்கள் சண்டை போடக்கூட வேண்டாம். பின்னால் நிற்கும் ஒரு ராட்சத நைட் இயந்திரம் அந்த 5ஐயும் எடுத்துச் செலவழித்துக்கொள்ளும். போட்டிகளில் வேறு வேறு படைகளோடு இதே 32 பேர் திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள். காலாள் ஒருவரின் 4 பாயின்ட் விலை அவர் சுடுவதற்குப் போட்டது. அவர் சுரங்கத்திலிருந்து வெட்டித் தரும் தங்கத்துக்கு யாரும் விலை போடவில்லை. 2020இல் வந்த 9ஆம் பதிப்பில் ஆட்ட அளவைப் பொறுத்து எல்லோருக்கும் ஒரே கமாண்ட் பாயின்ட், கூடுதல் பிரிவு வேண்டுமானால் அதிலிருந்து கட்டு என்று தலைகீழாக மாற்றினார்கள்.

இலவசம் என்ற சொல்லைப் பார்த்தாலே எச்சரிக்கையாகிவிடுங்கள். அதே ஆட்டத்தின் 7ஆம் பதிப்பில், 2015இல், ஸ்பேஸ் மரீன் என்ற படையை ஒரு குறிப்பிட்ட பெரிய அமைப்பில் எடுத்தால் துருப்பு வண்டிகள் இலவசம் என்று ஒரு விதி வந்தது. எல்லாப் பிரிவுக்கும் வண்டி, எல்லாம் சும்மா. எதிரில் இருப்பவர் வண்டிக்குக் காசு கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அதே பாயின்ட்டில் ஆடுவதாகக் காகிதம் சொல்லும்.

பாயின்ட்டை மட்டும் நம்பாமல் வேறு வேலிகளும் போட்டவர்கள் பல காலமாக உண்டு. 40,000இன் 3ஆம் பதிப்பு (1998) ஒரு கட்டம் போட்டது: ஒரு தலைமை, இரண்டு சாதாரணத் துருப்பு கட்டாயம், கனரக ஆயுதப் பிரிவு மூன்றுக்கு மேல் கூடாது. 2018 வாக்கில் 8ஆம் பதிப்பின் போட்டிகளுக்கு, சாதாரணத் துருப்பு போன்றவை தவிர ஒரே யூனிட்டை மூன்று முறைக்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரம்பு வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இன்ஃபினிட்டி என்ற ஸ்பானிய ஆட்டத்தின் ஏற்பாடு. அங்கே வழக்கமான ஆட்டம் 300 பாயின்ட். அதோடு கனரக ஆயுதத்துக்கும் விசேஷச் சாமானுக்கும் தனி நாணயம். 50 பாயின்ட்டுக்கு 1 வீதம் மொத்தம் 6தான் உங்களுக்கு. பாயின்ட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த 6 தீர்ந்தால் மெஷின் கன் கிடையாது. அதற்கு மேல், ஒவ்வொரு வகை வீரரும் படையில் எத்தனை பேர் வரலாம் என்ற எண்ணும் உண்டு. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரும் ஒரு ஆணை கொடுப்பார், அந்த ஆணையைத் தன் குழுவில் வேறொருவர் பயன்படுத்தலாம். அதனால் மூலையில் ஒளிந்துகொண்டு ஆணை மட்டும் கொடுக்கும் மலிவு ஆட்களை நிரப்புவது வழக்கமானது. 2020இல் வந்த நாலாம் பதிப்பு படைக்கு 15 பேர்தான் என்று கதவைச் சாத்தியது. 32 பேர் கதையும் இதுவும் ஒரே நோய்தான் என்பது தெரிகிறதா?

உங்களுக்கு நான் சொல்வது: பாயின்ட்டோடு இன்னும் ஒரே ஒரு நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1000 பாயின்ட்டுக்கு 5 'கனரகச் சீட்டு' என்பது மாதிரி. நாலைந்து வகை வரம்பு போட்டால் படை அமைப்பது வருமான வரிப் படிவம் நிரப்புவது போல ஆகிவிடும்.

சுதந்திரம் என்பது பட்டியலின் நீளத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 40,000இன் 10ஆம் பதிப்பில் (2023) யூனிட்டுக்கு மொத்தமாக ஒரு விலை, ஆயுதம் எது எடுத்தாலும் அதே விலை என்றாக்கினார்கள். கணக்கு எளிதானது உண்மை. ஆனால் சாதாரணத் துப்பாக்கியும் பிளாஸ்மா துப்பாக்கியும் ஒரே விலை என்றால் யார் சாதாரணத்தை எடுப்பார்? தேர்வு இருப்பது போலத் தெரியும், இருக்காது. இதற்கு நேர் எதிராக நான் ஒரு காலத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் 14 மேம்பாடு எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் அரைப் பாயின்ட் துல்லியத்தில் விலை. ஆடியவர்கள் எடுத்தது அதில் இரண்டே இரண்டு. மீதிப் பன்னிரண்டும் காகிதத்துக்கு அலங்காரம்.

விலையே போடாமல் ஒரு தேர்வை நேர்மையாக்க வழி உண்டு: இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஆயுதம் டாங்கியைத் துளைக்கும், ஆனால் சுற்றுக்கு ஒரே குண்டு. இந்த ஆயுதம் ஆறு குண்டு பொழியும், டாங்கியில் கீறல்கூட விழாது. இப்படி வைத்தால் எதிரி என்ன கொண்டுவருவார் என்று யோசித்துத்தான் எடுக்க முடியும். 'கூட 2 அங்குலம் ரேஞ்ச்' என்பது மாதிரி வெறும் கூட்டல்களுக்குத்தான் விலை தேவை, அவற்றை முடிந்தவரை எழுதாமல் விடுவது உத்தமம்.

ஆனால் அதிலும் ஒரு எல்லை வேண்டும். ஒருவர் படை முழுவதும் டாங்கியாக வந்தால், எதிரியின் குண்டு பொழியும் ஆயுதங்களுக்குக் கட்டிய பாயின்ட் அத்தனையும் அந்த நிமிடமே செத்துவிடும். 40,000இல் 2014இல் நைட் இயந்திரங்களுக்குத் தனிப் புத்தகம் வந்து, முழுப் படையையும் நைட்டாகவே எடுக்கலாம் என்றானபோது இதுதான் நடந்தது. அன்றைய விதிப்படி ஆயுதத்தின் பலத்தோடு ஒரு பகடையைக் கூட்டி, வண்டியின் கவச எண்ணை எட்ட வேண்டும். போல்டர் என்ற சாதாரணத் துப்பாக்கியின் பலம் 4; பகடையில் 6 விழுந்தாலும் 10. நைட்டின் கவசம் எந்தப் பக்கம் பார்த்தாலும் 12க்குக் குறையாது. துப்பாக்கி வீரன் ஆட்டம் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கலாம். 2017இல் வண்டிகளையும் சாதாரண உயிர்க்கணக்குக்குள் கொண்டுவந்து, எவ்வளவு பலவீனமான ஆயுதமும் 6 விழுந்தால் காயப்படுத்தலாம் என்று மாற்றினார்கள். டாங்கியைத் துப்பாக்கி சுரண்டுவது நம்ப முடியவில்லை என்று புலம்பியவர்கள் நிறைய. எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மேசைக்கு வந்து இரண்டு மணி நேரம் பகடை உருட்ட ஒன்றுமில்லாமல் நிற்பவரை யோசித்தால், அந்தப் பொய் பரவாயில்லை.

மிஷனும் விலையை மாற்றும். எதிரியை ஒழிப்பது மட்டுமே வெற்றி என்றால் தூரத்திலிருந்து சுடுபவை விலை ஏறும். நாலு மூலையிலும் குறியிடம் வைத்து, அதில் நிற்பவருக்கு மதிப்பெண் என்றால் மலிவும் வேகமும் விலை ஏறும். உங்கள் ஆட்டத்தில் 10 பாயின்ட் ரோபோவும் 40 பாயின்ட் வீரனும் குறியிடத்தில் ஆளுக்கு ஒன்று என்றுதான் எண்ணப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். கவசப்படை தோற்க அது ஒன்றே போதும். வீரனை மூன்றாக எண்ணுங்கள்.

சோதித்துப் பார்ப்பது பற்றியும் கொஞ்சம். பத்து ஆட்டத்தில் ஏழு தோற்றேன் என்று யாராவது சொன்னால் உடனே விலையை மாற்றாதீர்கள். இரண்டு படையும் மிகச் சரியாகச் சமமாக இருந்தாலும், பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ ஏதாவது ஒரு பக்கம் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அதைவிட, ஆடிய இருவரும் படையை மாற்றிக்கொண்டு அதே மேசையில் இன்னொரு முறை ஆடினால் நிறையத் தெரிந்துவிடும். தோற்றது படையா ஆளா என்பது உட்பட. ஒரு முறைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

இன்னும் விரைவான வழி ஒன்று: ஒருவர் இரண்டு படையையும் அமைக்கட்டும், மற்றவர் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். பங்கு பிரிப்பவர் ஒருவர், பங்கை எடுப்பவர் இன்னொருவர் என்றாகும்போது பிரிப்பவர் கை தானாக நேராகும். இரண்டையும் அமைத்தவர் ரோபோ பக்கம் எத்தனை ரோபோ வைக்கத் துணிகிறார் என்று பார்த்தால், வீரனின் உண்மை விலை அதில் இருக்கும். வாயால் '40 நியாயம்தான்' என்பவர்கூட இந்த முறையில் நாலுக்கு ஒன்று வைக்க மாட்டார்.

பாயின்ட்டே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. 1996இல் வந்த ஸ்டார்கிரன்ட் II அப்படித்தான்: ஒரு சூழ்நிலையை உருவாக்கு, பலம் குறைந்தவருக்கு எளிதான குறிக்கோள் கொடு, ஆடு. அனுபவசாலிகள் நால்வர் இருந்தால் அருமையாக இருக்கும். ஆனால் படை அமைக்கும் ருசி உங்களை விடவில்லை என்று கேள்வியிலேயே தெரிகிறது, அதனால் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. எக்ஸ்-விங்கின் முதல் பதிப்பில் விலை அட்டையிலேயே அச்சாகியிருந்தது. ஏ-விங் விமானம் விலைக்கு ஏற்ற மாதிரி இல்லை என்று தெரிந்த பிறகும் அட்டையைத் திருத்த முடியாமல், ஏவுகணைக்குப் பதில் பொருத்தினால் 2 பாயின்ட் குறையும் என்று ஒரு 'மேம்பாட்டு' அட்டையை 2014இல் வேறொரு பெட்டியில் போட்டு விற்றார்கள். 2018இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் விலையை அட்டையிலிருந்து எடுத்துச் செயலிக்கு மாற்றினார்கள். நீங்கள் ஒரு பென்சிலால் அடித்துவிட்டு வேறு எண் எழுதலாம்.

அதனால் இப்படித் தொடங்குங்கள். ரோபோ 10 அப்படியே இருக்கட்டும். கவச வீரனை 28ஆக்குங்கள். மேசையின் நடுவில், பார்வையை முழுக்க மறைக்கிற அளவுக்கு உயரமான இடிபாடு மூன்று வையுங்கள். இப்போது உங்கள் மேசை வெட்டவெளியாக இருக்கும் என்பது என் ஊகம். ரோபோக்களைத் தனித்தனியாக எடுக்க விடாமல் ஐந்து ஐந்தாக எடுக்கச் சொல்லுங்கள். குறியிடத்தில் வீரனுக்கு மூன்று. படை மாற்றி ஆறு ஆட்டம் ஆடிப் பாருங்கள். இடிபாடு வைத்த பிறகு வீரன் திடீரென்று அசைக்க முடியாதவனாகிவிட்டால் 28ஐ 32ஆக்குங்கள், இடிபாட்டைத் தொடாதீர்கள்.

ரிப்பேர் ட்ரோன் மாதிரி ஏதாவது உங்கள் ரோபோ படையிலும் இருந்தால், அதன் விதியை அப்படியே எழுதிப் போடுங்கள். அதைப் பார்க்காமல் 28 என்று சொன்னதே கொஞ்சம் அவசரம்தான்.